பதினைந்து அங்குல முருகனும் உள்ளங்கைத் திரையும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போடுவார்கள். அடுத்த ஆண்டுக்கான மாதிரிப் படங்கள் அத்தனையும் அந்த ஆல்பத்துக்குள் இருக்கும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை முதலாளிகள் புரட்டிப் பார்த்து, "இந்த முருகனில் ஐந்நூறு, அந்த லட்சுமியில் ஆயிரம்" என்று ஆர்டர் கொடுப்பார்கள். இந்த வியாபாரத்தில் படத்துக்கு முன்பே முடிவாகிவிடும் ஒன்று உண்டு: அளவு. தாள் என்ன சைஸ், அட்டை என்ன சைஸ், தேதித்தாள் கட்டு எங்கே உட்காரும், கடைப் பெயருக்கு எத்தனை அங்குலம் விடவேண்டும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் சிவகாசியில் ஒரு டிசைனர் வேலையைத் தொடங்குவார்.

அதே முருகன் இன்று செல்போன் திரையிலும் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வால்பேப்பராக வைத்துக்கொள்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்தத் திரைகளைப் பாருங்கள். வேலின் நுனி வெட்டுப்பட்டிருக்கும். வள்ளி பாதி, தெய்வானை பாதி. முருகன் முகத்தின் மேல் கடிகார எண்கள் ஏறி நிற்கும். நகைகளும் பட்டும் மங்கிக் கிடக்கும். தாளுக்கு இத்தனை கவனம் எடுத்துக்கொண்ட நாம் திரைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுத்துக்கொள்வதில்லை.

செல்போனுக்குச் சரியான அளவில் படம் செய்வது கடினமான வித்தை ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கண்ணைப் பற்றிய அறிவியல் இருக்கிறது, ஒளியைப் பற்றிய இயற்பியல் இருக்கிறது. அவற்றின் பெரும்பகுதி சிவகாசி அச்சகங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான்.

தீப்பெட்டி லேபிளில் தொடங்கிய கலை

1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். வானம் பார்த்த பூமியான சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியது. அதன் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து அச்சுத் தொழில் பிறந்தது. லேபிள் அச்சிட்ட ஊரே பிறகு காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை, பாடநூல் என்று நாடு முழுவதற்கும் அச்சிட்டுக் கொடுத்தது.

தீப்பெட்டி லேபிள் இரண்டு அங்குல நீளத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒரு மயிலோ புலியோ, மார்க்கின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தெரியவேண்டும். பெட்டிக்கடையில் எட்டி நின்று பார்ப்பவருக்கும் எந்த மார்க் என்று புரியவேண்டும். அதனால் ஓவியர்கள் ஒரே உருவத்தைப் பெரிதாக நடுவில் வைத்தார்கள். அடர்ந்த வெளிக்கோடு போட்டார்கள். நிறங்களைக் குறைத்தார்கள். பின்னணியை வெறுமையாக விட்டார்கள்.

காலண்டர் வந்தபோது கதை மாறியது. இந்த வட்டாரத்தின் கடவுள் படங்களுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976). நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர் அவர். மேடையை அடைத்துக்கொண்டு தொங்கும் சீலைக்கு வரைந்த கை, பிறகு காலண்டர் தாளுக்குள் அடங்கும் மீனாட்சியையும் முருகனையும் வரைந்தது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடுகளின் பூஜையறைச் சுவருக்குப் போயின. சீலையை அப்படியே சுருக்கினால் காலண்டர் ஆகாது. காலண்டரை அப்படியே சுருக்கினால் லேபிள் ஆகாது. ஒவ்வோர் அளவுக்கும் படத்தை அடுக்கும் முறையே வேறு. செல்போன் திரையும் அப்படி ஒரு தனி அளவு. அதற்கென்று தனியாக யோசித்தாக வேண்டும்.

அங்குலம் வேறு, பிக்சல் வேறு

அச்சகத்தில் வளர்ந்த டிசைனரிடம் வால்பேப்பர் கேட்டால் அவர் மனதில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை அங்குலம், எத்தனை டிபிஐ?" என்பதுதான். தாளுக்கு அது சரியான கேள்வி. ஆஃப்செட் அச்சில் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளும் நுண்ணிய புள்ளிகளாகத் தாளில் விழுகின்றன. நல்ல ஆர்ட் பேப்பரில் அந்தப் புள்ளி வரிசை பொதுவாக அங்குலத்துக்கு 150 கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பிக்சல் கொடுத்தால் படம் தெளிவாக வரும் என்பது அச்சுத் தொழிலின் பழைய விதி. அதனால்தான் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, என்ற எண் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

15 × 20 அங்குலக் கிரவுன் தாளில் ஒரு காலண்டர் என்றால், 300 டிபிஐயில் அகலம் 4500 பிக்சல், உயரம் 6000 பிக்சல். மொத்தம் 2 கோடியே 70 லட்சம் பிக்சல்.

செல்போனுக்கு அங்குலமும் டிபிஐயும் பொருட்டில்லை. அதன் திரையில் இத்தனை வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் இத்தனை பிக்சல் என்று தொழிற்சாலையிலேயே பதித்துவிட்டார்கள். இப்போது பரவலாக விற்கும் நடுத்தர விலைப் போன்களில் அது 1080 × 2400. விலை குறைந்தவற்றில் 720 × 1600. சில உயர்ரகப் போன்களில் 1440 × 3120 அல்லது 1440 × 3200. ஐபோன் 15இல் 1179 × 2556. படக் கோப்பில் 72 டிபிஐ என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் போன் அதைப் பார்ப்பதே இல்லை. 1080 × 2400 பிக்சல் கொண்ட கோப்பு எந்த டிபிஐ சீட்டு ஒட்டியிருந்தாலும் அந்தத் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.

1080 × 2400 என்பது சுமார் 26 லட்சம் பிக்சல். காலண்டருக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் காலண்டர் கோப்பு கையில் இருப்பவர் செல்போனைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று தோன்றும். எண்ணிக்கையில் அது உண்மை. சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் முன், திரைக்கு ஏன் இத்தனை பிக்சல் வைத்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

கண் போடும் கணக்கு

நல்ல பார்வையுள்ள மனிதக் கண் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்க, அவை கண்ணில் ஏற்படுத்தும் கோணம் குறைந்தது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இருக்கவேண்டும். போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அந்தக் கோணம் 0.087 மி.மீ. ஆகிறது. அதாவது அங்குலத்துக்கு சுமார் 290 புள்ளிகள். அதைவிட நெருக்கமாகப் பிக்சல்களை அடுக்கினால் சாதாரணக் கண்ணுக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. படம் வழுவழுப்பாகத் தெரியும்.

2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 320 × 480 பிக்சல், அங்குலத்துக்கு 163. உற்றுப் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் படிக்கட்டுபோலத் தெரியும். 2010இல் வந்த ஐபோன் 4இல் அது 326 ஆனது. அதை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னது இந்தக் கண் கணக்கைத்தான்: பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் பிடித்தால் 300தான் வரம்பு. இன்றைய 6.5 அங்குலப் போனில் 1080 × 2400 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு சுமார் 405. எல்லையைத் தாண்டியாகிவிட்டது. அச்சகத்தின் 300ம் கண்ணின் 290ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயல் அல்ல. தாளோ திரையோ, இரண்டும் கைத்தூரத்தில் பார்க்கும் அதே கண்ணுக்காகச் செய்யப்பட்டவை.

தூரம் கூடினால் கண் கேட்பது குறையும். இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் தொங்கும் காலண்டருக்கு அங்குலத்துக்கு 44 புள்ளி போதும். நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்க மக்கள் கிட்டே வருகிறார்கள் என்பதால் காலண்டரையும் நுணுக்கமாக அச்சிட வேண்டியிருக்கிறது. போன் எப்போதுமே கிட்டே இருக்கும் பொருள். சுவரில் மன்னிக்கப்படும் மங்கல் உள்ளங்கையில் மன்னிக்கப்படாது.

முருகன் இருக்கிறார், வள்ளி எங்கே?

இனி வடிவத்துக்கு வருவோம். 15 × 20 தாளின் அகலமும் உயரமும் 3:4 என்ற விகிதத்தில் இருக்கின்றன. செல்போன் கேமராவில் எடுக்கும் படமும் வழக்கமாக அதே 3:4தான். ஆனால் 1080 × 2400 திரையின் விகிதம் 9:20. பத்தாண்டுகளுக்கு முன் பெரும்பாலான போன்கள் 9:16ஆக இருந்தன. 2017 வாக்கில் 9:18 வந்தது. அதற்குப் பிறகு திரை இன்னும் நெட்டையாக வளர்ந்தது. அகலம் கைக்குள் பிடிக்கும் அளவைத் தாண்ட முடியாது. உயரம் மட்டும்தான் கூட முடியும்.

3:4 படத்தை 9:20 திரையில் நிரப்பும்போது போன் என்ன செய்கிறது? உயரத்தைப் பொருத்திவிட்டு, அகலத்தில் மிஞ்சியதை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. 4500 × 6000 காலண்டர் கோப்பில் 6000ஐ அப்படியே வைத்தால் 9:20க்கு வேண்டிய அகலம் 2700. அதை 2.5ஆல் வகுத்தால் கச்சிதமாக 1080 × 2400. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 4500இல் 1800 பிக்சல் போய்விட்டது. தாளில் அது இடப்பக்கம் மூன்று அங்குலம், வலப்பக்கம் மூன்று அங்குலம். வள்ளியும் தெய்வானையும் நிற்கும் இடம் அதுதான். படத்தில் நாற்பது விழுக்காடு திரைக்கு வெளியே நிற்கிறது.

படுக்கைவாட்டில் எடுத்த படத்துக்கு நிலைமை இன்னும் மோசம். 4000 × 3000 பிக்சல் உள்ள குடும்பப் படத்தை வால்பேப்பராக வைத்தால் 1350 × 3000 மட்டுமே மிஞ்சும். பத்துப் பேர் நிற்கும் படத்தில் நடுவில் இருக்கும் மூவர் தெரிவார்கள்.

வெட்டுவதற்கு மாற்று வழி உண்டு. காலண்டரின் முழு அகலத்தையும் 1080 பிக்சலுக்குள் கொண்டுவாருங்கள். உயரம் 1440 ஆகும். திரையின் 2400இல் இன்னும் 960 வரிசை காலியாக இருக்கிறது. அந்த 960ஐ வரைந்து நிரப்ப வேண்டும். படத்துக்கு மேலே வானத்தையோ மயில் தோகையின் விரிவையோ கோபுர நிழலையோ நீட்டலாம். கீழே படிக்கட்டு, தாமரைக் குளம், கோலம் என்று இறக்கலாம். வள்ளியும் இருப்பார், தெய்வானையும் இருப்பார், வேலின் நுனியும் இருக்கும். நாடகச் சீலையைக் காலண்டராக மாற்றியவர்களின் வாரிசுகளுக்கு இது கைவந்த வேலை.

இதில் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். 6.5 அங்குலப் போன் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு. அதன் அகலம் உண்மையில் சுமார் 2.7 அங்குலம்தான். 15 அங்குல அகலம் அதற்குள் வரும்போது எல்லாமே ஐந்தரை மடங்குக்கு மேல் சுருங்குகிறது. காலண்டரில் 3 மி.மீ. இருக்கும் மூக்குத்தி திரையில் அரை மி.மீ. ஆகிவிடும். அதற்குக் கிடைப்பது குறுக்கே எட்டொன்பது பிக்சல். ஒரு மினுக்கல் தெரியும், கல் தெரியாது. பிக்சல் போதாமையால் வரும் குறை இல்லை இது. பொருளே சிறிதாகிவிட்டது. ஆகவே திரைக்கு மாற்றும்போது முகத்தைச் சற்றுப் பெரிதாக்கி, பின்னணியில் சிதறிக் கிடக்கும் சிறு பூக்களைக் குறைத்து, வெளிக்கோட்டை அழுத்தமாக்க வேண்டும். அகலத்தில் பார்த்தால் செல்போன் காலண்டரைவிடத் தீப்பெட்டிக்குத்தான் நெருங்கிய உறவு. லேபிள் ஓவியர்களின் பாடம் நூறாண்டு கழித்து மறுபடி பயன்படுகிறது.

கடிகாரத்துக்கு விடும் இடம்

தினசரி காலண்டர் அட்டையில் சாமி படம் எப்போதும் மேல்பாதியில் இருக்கும். கீழே தேதித்தாள் கட்டு வந்து உட்காரும் என்று டிசைனருக்குத் தெரியும். அடியில் கடைப் பெயருக்குக் காலியிடம் விடுவார். அட்டையின் மேல் பிற்பாடு என்ன வந்து ஏறப்போகிறது என்பதைச் சேர்த்துத்தான் அவர் அளவு போடுகிறார்.

செல்போனில் அந்த வரிசை தலைகீழ். லாக் ஸ்கிரீனில் கடிகாரம் மேலே வருகிறது. பெரும்பாலான போன்களில் திரையின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் நேரமும் தேதியும் அடங்கிவிடும். அதற்கும் மேலே கேமராவின் துளை. கீழ்க் கோடியில் கைரேகைக் குறியோ டார்ச், கேமரா பொத்தான்களோ இருக்கும். எனவே 2400 வரிசையில் மேலே சுமார் 700 வரிசையும் கீழே சுமார் 350 வரிசையும் அமைதியான பகுதியாக இருக்கட்டும். முகமும் கையும் வேலும் இடைப்பட்ட இடத்தில் நிற்கட்டும். காலண்டர் படத்தை முழு அகலத்தில் வைத்தபோது நிரப்பவேண்டியிருந்த 960 வரிசை நினைவிருக்கிறதா? கடிகாரமும் பொத்தான்களும் கேட்கும் இடம் கிட்டத்தட்ட அதே அளவு. வெட்டாமல் நீட்டினால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீருகின்றன.

ஹோம் ஸ்கிரீனில் செயலிகளின் குறிகள் திரை முழுக்கப் பரவிக் கிடக்கும். அதற்கு நுணுக்கமான படம் ஒத்துவராது. ஒரே நிறக் குடும்பத்தில், மெல்லிய வெளிச்ச வேறுபாட்டோடு இருக்கும் படம்தான் குறிகளையும் எழுத்துகளையும் படிக்க விடும். லாக் ஸ்கிரீனுக்கு முருகன், ஹோம் ஸ்கிரீனுக்கு அதே படத்தின் மயில்தோகைப் பின்னணி என்று இரண்டு படங்களாகச் செய்வது நல்ல முறை.

நெட்டைத் திரைக்கென்றே படைத்ததுபோன்ற காட்சி சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலை ராஜகோபுரம். கோபுரத்தைச் சட்டம் நிறையப் பிடித்தால் கலசங்களின் மேல் கடிகாரம் ஏறிவிடும். இன்னும் பின்னால் போய், கோபுரம் படத்தின் கீழ்ப்பகுதியில் ஐந்தில் மூன்று பங்குக்குள் அடங்கும்படி நின்று, மேலே வெறும் வானத்தை விட்டு எடுத்தால் அந்த வானம் கடிகாரத்துக்குப் போதும்.

ஓரங்களையும் கவனிக்கவேண்டும். அச்சில் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. படத்தை நீட்டி 'பிளீட்' விடுவது கட்டாயம். கட்டிங் மெஷின் இம்மி நகர்ந்தாலும் வெள்ளை விளிம்பு தெரியக்கூடாது. போனிலும் அந்தத் தேவை உண்டு. திரையின் மூலைகள் வளைந்தவை. சில போன்கள் கையின் அசைவுக்கு ஏற்பப் படத்தை நகர்த்தும். அதற்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளும். சில ஆண்ட்ராய்டு போன்களில் பக்கம் தள்ளும்போது வால்பேப்பரும் கூடவே நகரும். அதனால் முக்கியமான எதையும் விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் வந்தவர் ஏன் மங்குகிறார்?

நல்ல கேமராவில் எடுத்த 3000 × 4000 படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும்போது, நீளமான பக்கம் 1600 பிக்சலுக்கு அருகில் வரும்படி சுருக்கப்படும். வந்து சேர்வது 1200 × 1600. அதை 9:20க்கு வெட்டினால் 720 × 1600. இதை 1080 × 2400 திரையில் நிரப்ப, போன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரை மடங்கு இழுக்கிறது. ஒரு பிக்சலில் இருந்த செய்தியை வைத்து இரண்டே கால் பிக்சலை நிரப்ப வேண்டும்.

இல்லாத செய்தியைப் போன் எங்கிருந்து எடுக்கும்? பக்கத்துப் பிக்சல்களின் சராசரியைப் போட்டு இடைவெளியை நிரப்புகிறது. ஒரு பிக்சல் கறுப்பு, அடுத்தது வெள்ளை என்றால் நடுவில் சாம்பல் வைக்கிறது. கூர்மையான ஓரங்கள் அப்படித்தான் குழைந்துபோகின்றன. கண் இமை, வேலின் விளிம்பு, புடவைச் சரிகை எல்லாம் முதலில் பலியாகும்.

இதனுடன் ஜேபெக் சுருக்கமும் சேர்கிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் வெளிச்சத்தைக் காப்பாற்றிவிட்டு, வேகமாக மாறும் நுணுக்கத்தைக் குறைத்து எழுதுகிறது. கண் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும் என்பதால், நிறச் செய்தியைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சேமிக்கிறது. இயற்கைக் காட்சிக்கு இது அருமையான தந்திரம். எழுத்துக்கு இது பகை. தமிழ் எழுத்துக்கு இன்னும் பெரிய பகை. 'ண'வின் சுழிகளும் 'ஜ'வின் வளைவும் நெருக்கமானவை. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. நாலைந்து பிக்சலில் நிற்கும் புள்ளியைச் சுருக்கம் ஒரு முறை கரைக்கும், அனுப்புபவர் மாறமாற மறுபடி மறுபடி கரைக்கும். கடைசியில் கடைப் பெயரில் புள்ளியே இருக்காது.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து தீபாவளி வாழ்த்துகளில் அடிக்கடி காணக் கிடைக்கும். திரையில் சிவப்பின் வெளிச்சப் பங்கு வெள்ளையில் சுமார் 21 விழுக்காடு; பச்சைக்கு 72, நீலத்துக்கு 7. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைவு. வேறுபடுவது பெரும்பாலும் நிறம். ஜேபெக் முதலில் கைவைப்பது அந்த நிறத்தில்தான். மஞ்சள் எழுத்தில் சிவப்பும் பச்சையும் சேர்வதால் வெளிச்சம் 93 விழுக்காடு ஆகிறது. அதனால் கறுப்பின் மேல் மஞ்சள் எழுத்து எத்தனை முறை அனுப்பினாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

தப்பிக்கும் வழிகள் எளியவை. எழுத்தும் தட்டையான நிறமும் உள்ள படத்தைப் பிஎன்ஜியாகச் சேமிக்கவேண்டும். அதில் ஒரு பிக்சல்கூட மாறாது. அனுப்பும்போது கேலரியிலிருந்து அனுப்பாமல், டாக்குமென்ட்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைத் தொடாது. 2023 முதல் எச்டி என்ற வழியும் இருக்கிறது. அதில் சுருக்கம் குறைவு.

காலண்டரைப் படமெடுத்தால் வரும் பட்டைகள்

கோப்பு கிடைக்காதவர்கள் சுவரில் தொங்கும் காலண்டரையே போனில் படமெடுத்து வால்பேப்பராக வைத்துக்கொள்கிறார்கள். சில சமயம் படத்தில் அலையலையாக நிறப் பட்டைகள் ஓடும். தாளில் அவை கிடையாது. போனிலும் கோளாறு இல்லை. இரண்டு வலைகள் மோதிக்கொண்டதன் விளைவு அது. ஜன்னலில் இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சற்றுத் திருப்பினால் பெரிய அலைகள் தோன்றுமே, அதே இயற்பியல். இதற்கு மொய்ரே என்று பெயர்.

தாளில் மைப்புள்ளிகள் அங்குலத்துக்கு 150 கோடாக நிற்கின்றன. கேமரா அதே அங்குலத்தை 140 பிக்சலாகப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10. படத்தில் அங்குலத்துக்கு 10 பட்டைகள் தோன்றும். இல்லாத வடிவம் ஒன்று கணக்கிலிருந்து பிறந்துவிடுகிறது.

அச்சகங்கள் இதே எதிரியைப் பிளேட்டிலேயே சந்தித்துப் பழகியவை. நான்கு மைகளின் புள்ளி வலைகளும் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்பதற்காகத்தான் சயானுக்கு 15 பாகை, கறுப்புக்கு 45, மஜந்தாவுக்கு 75 என்று முப்பது முப்பது பாகை இடைவெளியில் திருப்பி வைக்கிறார்கள். மஞ்சள் கண்ணில் அதிகம் படாத மை என்பதால் அதைப் பூஜ்யம் பாகையில் விட்டுவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குள் ஐந்தாவது வலையாகக் கேமராவின் பிக்சல்கள் நுழையும்போது ஒழுங்கு கெடுகிறது. ஸ்கேனரில் உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்து, புள்ளிகள் கரையும்வரை இலேசாக மழுக்கி, பிறகு வேண்டிய அளவுக்குச் சுருக்கினால் பட்டைகள் வராது.

இரவு வானமும் வாணவேடிக்கையும்

பட்டாசு ஊருக்குப் பொருத்தமான வால்பேப்பர் வாணவேடிக்கைதான். தொழில்நுட்பத்தில் மிகவும் சிரமமான படமும் அதுவே.

முதல் சிரமம் இருள். திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் வழக்கமாக 256 படிகள். இரவு வானத்தில் அடியில் மெல்லிய வெளிச்சமும் மேலே போகப்போக இருளும் இருக்கும். அது 32ஆம் படியிலிருந்து 8ஆம் படிக்கு இறங்குகிறது என்றால் நடுவே 24 படிகள்தான். அதை 1600 வரிசைகளில் பரப்பினால் ஒவ்வொரு படியும் 67 வரிசை, அதாவது திரையில் 4 மி.மீ. பட்டையாகத் தெரியும். வழுவழுப்பான வானம் மாடிப்படியாகிவிடும். ஜேபெக் சுருக்கம் அதைக் கட்டங்களாக உடைத்து இன்னும் கெடுக்கும். இதற்கு மருந்து, வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மணல்போன்ற இரைச்சலைத் தூவுவது. படிகளின் எல்லை சிதறிப்போய் வானம் மறுபடி வழுவழுப்பாகும். ஃபோட்டோஷாப்போன்ற மென்பொருள்களில் இது ஒரு நொடி வேலை.

இரண்டாவது சிரமம் நிறம். ஸ்ட்ரான்சியம் சிவப்பையும் பேரியம் பச்சையையும் செம்பு நீலத்தையும் சோடியம் மஞ்சளையும் தருகின்றன. இவை குறுகிய அலைநீளப் பட்டைக்குள் வரும் தூய நிறங்கள். நான்கு மைகளால் தாளில் அவற்றை எட்ட முடியாது. பட்டாசுப் பெட்டி லேபிள்கள் பளபளக்கும் சிறப்பு மைகளை நாடுவதற்கு அது ஒரு காரணம். திரை ஒளியை உமிழ்வதால் தாளைவிட நெருங்கிப் போகிறது. ஆனால் அச்சுக்காக நான்கு மைகளின் முறையான சிஎம்ஒய்கேயில் செய்த கோப்பை அப்படியே ஜேபெக்காக அனுப்பினால் அந்த வசதி வீணாகிறது. நிறங்கள் ஏற்கெனவே மையின் எல்லைக்குள் சுருக்கப்பட்டுவிட்டன. சில செயலிகளில் நிறம் முற்றிலும் திரிந்தும் தெரியும். திரையின் சிவப்பு, பச்சை, நீல முறையான ஆர்ஜிபியில் உள்ள மூலக் கோப்பிலிருந்து தொடங்கி, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுத்தரத்தில் சேமிப்பதே பாதுகாப்பு.

ஓலெட் திரைக்கு வாணவேடிக்கை இன்னொரு பரிசும் தருகிறது. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளி உமிழ்கிறது. முழுக் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்தே இருக்கும். கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரிகிறது, மின்சாரமும் மிச்சம். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கறுப்பும் இலேசாகச் சாம்பல் பூசியிருக்கும்.

ஒரே மூலக் கோப்பு

எத்தனையோ போன், எத்தனையோ அளவு. ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் செய்ய முடியுமா? தேவையில்லை. 1440 × 3200 பிக்சலில் ஒரு மூலக் கோப்பு செய்யுங்கள். அதன் முக்கால் பங்கு 1080 × 2400. பாதி 720 × 1600. 9:20 திரை உள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு பிக்சல்கூட வெட்டுப்படாமல் இது இறங்கும். ஐபோனுக்கு மேலும் கீழுமாகச் சேர்த்து எண்பது வரிசைக்குள்தான் போகும். பழைய 9:16 போனில் மேலே 320, கீழே 320 வரிசை வெட்டுப்படும். உயிரான பகுதி நடு 80 விழுக்காட்டுக்குள் இருந்தால் அங்கும் சேதமில்லை. சிறியதைப் பெரிதாக்குவதில்தான் இழப்பு. பெரியதைச் சுருக்குவதில் இழப்பு மிகக் குறைவு. ஆகவே மூலம் எப்போதும் பெரிதாக இருக்கவேண்டும்.

செய்து முடித்ததும் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலை குறைந்த ஒரு போனில் வால்பேப்பராக வைத்து, கைத்தூரத்தில் பிடித்து, வெயிலில் ஒரு முறை, இருட்டில் ஒரு முறை பார்க்கவேண்டும். மெஷின் ஓடும் முன் புரூஃப் பார்ப்பது அச்சகத்தில் எவ்வளவு கட்டாயமோ அவ்வளவு கட்டாயம் இது.

குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு பொங்கல் வாழ்த்து அட்டைகள் தபாலில் போவது அருகிவிட்டது. அந்த வாழ்த்துகள் நின்றுவிடவில்லை. திரைக்கு இடம் மாறின. இடம் மாறியபோது அளவின் மேல் இருந்த அக்கறை மட்டும் கூட வரவில்லை. கடவுள் படத்தையும் கடைப் பெயரையும் எங்கே வைக்கவேண்டும், எதை வெட்டக்கூடாது, எந்த நிறம் எங்கே உயிர் பெறும் என்ற அறிவு சிவகாசியில் மூன்று தலைமுறையாகக் குவிந்திருக்கிறது. மூல ஓவியங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆடிப்பெருக்கு ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு கியூஆர் குறியை அச்சிட்டு, அதைப் போனில் ஸ்கேன் செய்தால் அதே படம் 1440 × 3200இல், கடிகாரத்துக்கு இடம் விட்டு, வள்ளி தெய்வானையோடு இறங்கும்படி செய்யலாம். காலண்டர் வாங்கும் கடைக்காரர் தன் பெயரோடு அதை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவார். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம், பெரிய முதலீடும் வேண்டாம். ஒரு டிசைனர் ஒரு படத்துக்குச் செலவிடும் கூடுதல் நேரம் போதும். தாளின் அளவைக் கேட்டபிறகே தூரிகை எடுத்த ஊர், திரையின் அளவையும் கேட்கத் தொடங்கினால், தமிழ் மக்கள் நாள்தோறும் பார்க்கும் படங்களின் தரம் கண்கூடாக உயரும்.